ராஜேஸ்வரி அக்காவும் வழிப்போக்கனும்

எங்கள் ஊரில் அதிகமாக எழுதப்பட்ட பேர் ராஜேஸ்வரி. குப்பை வண்டியின் பச்சை டப்பாவில் இருக்கிறது, சிவப்பு டப்பாவிலும் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியில் ஆள் உயரத்துக்கு இருக்கிறது. பள்ளிக்கூடத்துக் கழிப்பறைச் சுவர், சுடுகாட்டுக் கொட்டகை, பஸ் நிற்கிற இடத்தில் போட்ட சிமெண்டு பெஞ்சு, எதைப் பார்த்தாலும் ‘ஊராட்சி மன்றத் தலைவர் திருமதி ராஜேஸ்வரி வடிவேலு’. அந்தப் பெஞ்சில் பெயிண்ட் காய்வதற்கு முன்னால் உட்கார்ந்த பாவத்துக்கு என் பேண்ட்டின் பின்பக்கம் ஒரு வருஷம் பாதித் ‘திருமதி’ ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆனால் அந்தப் பேரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஊருக்கு அவர் ‘வடிவேலு வூட்டம்மா’. யூனியன் ஆபீசில் ‘தலைவரோட மிஸஸ்’. தலைவர் என்றால் வடிவேலு அண்ணன்தான். தேர்தலில் நின்றது அக்கா, ஜெயித்தது அக்கா, உறுதிமொழி எடுத்தது அக்கா. அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் தலைவர் ஆனது அண்ணன். எங்கள் ஊராட்சியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள் என்று தெரிவதற்குள் அவர் போஸ்டர் அடித்து முடித்திருந்தார். அதை வீணாக்க மனசு வராமல், தன் படத்தின் ஓரத்தில் அக்காவின் படத்தைத் தபால்தலை அளவுக்கு ஒட்டி ஓட்டுக் கேட்டார். ஜனங்களும் போட்டார்கள். தபால்தலைக்குத்தான் போட்டோம் என்பது பலருக்கு இன்னும் தெரியாது.

அக்கா சந்தவாசல் பக்கத்துப் பெண். பன்னிரண்டாவது வரைக்கும் படித்தவர். பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டி என்றால் இவரைத்தான் அனுப்புவார்களாம். கல்யாணம் ஆகி இங்கே வந்த பிறகு எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும், மற்ற பெண்களுக்குப் பேங்க் பாரமும்தான். அண்ணன் யூனியன் ஆபீசிலிருந்து கொண்டுவந்து டிவி மேல் போடுகிற சுற்றறிக்கைகளை அவரே படிக்கமாட்டார். அக்கா தூசு தட்டுகிற சாக்கில் ஒவ்வொன்றையும் படித்துவிடுவார். எந்தப் போர்வெல் எத்தனை அடி, எந்தத் தெருவுக்கு எத்தனை குழாய் என்று கேட்டால் பூண்டு உரித்துக்கொண்டே சொல்வார். யாரும் கேட்பதில்லை என்பதால் பூண்டு மட்டும் உரிந்துகொண்டிருந்தது.

செவ்வாயும் வெள்ளியும் அண்ணன் காரில் யூனியன் ஆபீசுக்குப் போவார். பின்சீட்டில் அக்கா. ஆபீசுக்குள் அண்ணன் மட்டும் போவார்; அக்கா காரிலேயே உட்கார்ந்திருப்பார். ரேஷன் கார்டு ஜெராக்ஸ் கொடுக்கும்போது ஒரிஜினலையும் பையில் வைத்திருப்போம் இல்லையா, கேட்டால் காட்ட? அந்த மாதிரி. நான்கு வருஷத்தில் ஒரிஜினலை மூன்று தடவை கேட்டார்கள் என்று ஞாபகம்.

இனி என்னைப் பற்றி இரண்டு வரி, ஏனென்றால் இந்தக் கதையில் நான்தான் குற்றவாளி. பேர் பூவரசன், வயசு பதினேழு. பத்தாவது கணக்கில் இரண்டு தடவை பெயில். மூன்றாவது தடவை பரீட்சைக்குப் போகிற வழியில் யானை மறித்ததில் பஸ் நின்றுவிட்டது. யானையைப் பார்த்ததாகச் சொன்னவன் நான் ஒருத்தன்தான்.

எங்கள் ஏரிக்கொட்டாயில் போனுக்கு டவர் கிடைக்காது. ஏரிக்கு மேலே ஒரு மொட்டைப் பாறை இருக்கிறது. அதன் உச்சியில் வடக்குப் பார்த்து நின்றால் இரண்டு கோடு வரும். பொண்ணு பார்க்க வருகிறவர்களிடம் பேசுவதும் அங்கேதான், பேங்க் லோன்காரனிடம் பொய் சொல்வதும் அங்கேதான், சண்டை போடுவதும் அங்கேதான். அதை விட்டால் அமிர்திக்கு இறங்குகிற ரோட்டில் நாலாவது வளைவு. அங்கே வண்டி திரும்பும்போது எல்லார் போனும் ஒரே நேரத்தில் கத்தும். வூட்டிலிருந்து எழுதி அனுப்பிய மெசேஜ் அதுவரைக்கும் ஒரு குட்டிக் கடிகாரப் படத்தோடு போனுக்குள்ளேயே காத்திருந்து, டவர் பட்டதும் கிளம்பிவிடும்.

வாட்ஸ்அப்பில் எங்களுக்கு ஒரு குரூப் உண்டு, ‘ஏரிக்கொட்டாய் மக்கள் விவாத மேடை’ என்று. அட்மின் வடிவேலு அண்ணன். இருநூற்றுச் சில்லறை பேர். அதில் எனக்கு நாலு முகம். ஒன்று பூவரசன். மற்ற மூன்றும் கள்ளப்பேர், யார் யாரோ கொடுத்த சிம்மில். மூன்றையும் ஒன்றோடொன்று சண்டை போடவிடுவேன். ஒரு தடவை ‘வேலூர் பூஜா’ என்கிற என்னைக் கல்யாணம் செய்துகொள்ள ஒருத்தன் ஜாதகம் அனுப்பினான். பொருத்தம் பார்த்தேன், எட்டுதான் இருந்தது, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்படியே போயிருந்தால் தமாஷ்தான். ஒரு நாள் ‘அமிர்தி அசுரன்’ என்கிற பேரில், சின்னக்குழந்தை அண்ணன் டீக்கடையில் ஏரித் தண்ணீரில் டீ போடுகிறார் என்று எழுதினேன். சும்மாதான். ஒரு வாரத்துக்குக் கடையில் ஈ ஓட்டினார் மனுஷன். யார் எழுதினது என்று தெரியாமல், வருகிறவர்கள் எல்லார் முகத்தையும் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு கிளாசைக் கழுவினதையே திரும்பக் கழுவினார். அந்த வாரம் முழுக்க நான் ஒருத்தனே தினம் ஐந்து டீ குடித்தேன். வயிறு எரிந்தது. டீயினால்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அசுரனை அன்றோடு அழித்துவிட்டேன். ஆகவே கள்ளப்பேர் என்றால் ரொம்ப வீரமான விஷயம் என்று நான் சொல்ல வரவில்லை. அது எப்படி நாறும் என்று எனக்குத் தெரியும்.

இந்தக் குரூப்புக்குள் போன மார்ச்சில் ‘வழிப்போக்கன்’ என்று ஒரு புதுப் பேர் வந்தது. படம் கிடையாது. யார் போனிலும் சேமிக்கப்படாத நம்பர். முதல் மெசேஜ் இது:

‘மேட்டுத் தெரு மோட்டார் எரிந்து நாற்பது நாள் ஆகிறது. பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் யாரும் வரவில்லை. நாற்பத்தெட்டாம் நாளுக்காவது தலைவர் ஒரு மாலை வாங்கி வருவாரா?’

 இருபது பேர் சிரிப்புப் பொம்மை போட்டு, அண்ணன் பார்ப்பதற்குள் இருபது பேரும் அழித்தார்கள். மேட்டுத் தெரு என்றால் முப்பத்தாறு வூடு. மோட்டார் எரிந்ததிலிருந்து அந்தத் தெருப் பெண்கள் ஏரி இறங்கித்தான் குடம் தூக்குகிறார்கள். சம்மர் வேறு. ஆனால் வடிவேலு அண்ணனுக்கு அப்போது வேறு நோக்கம். ஊர் வாசலில் ‘நல்வரவு’ என்று ஒரு சிமெண்டு வளைவு, இரண்டு பக்கமும் சிங்கம், நடுவில் பேர். இந்தத் தடவை ‘வடிவேலு’ பெரிசாக, ‘ராஜேஸ்வரி’ சின்னதாக. மே ஒண்ணாம் தேதி கிராம சபையில் தீர்மானம் போட்டுவிட்டால் வேலையை ஆரம்பித்துவிடலாம். மோட்டாருக்கும் வளைவுக்கும் சேர்த்து நிதி இல்லை. ஏதாவது ஒன்றுதான்.

வழிப்போக்கன் விடவில்லை. ‘வளைவுக்கு அடியில் நடந்து வர ஊரில் ஆள் இருக்கவேண்டும். தண்ணீர் இல்லாத ஊரில் சிங்கம்கூடத் தங்காது’ என்று அடுத்தது. வாரத்துக்கு இரண்டு, சுருக்கென்று.

யார் இவன் என்பதுதான் ஊருக்கு ஒரே பேச்சு. ‘இவன்’ என்றுதான் எல்லாரும் பேசினார்கள். அதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. முதலில் ரிட்டயர்டு போஸ்ட்மேன் பஞ்சாட்சரத்தின் மேல் பழி விழுந்தது. அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு டீக்கடைக்கு வந்து, “எழுதுறவன் எழுதுவான், நமக்கு இன்னா” என்று மேலே பார்த்துக்கொண்டு சிரித்தார். பத்து நாள் அவருக்கு ஓசி டீ ஓடியது. பாவம், அவருக்கு வாட்ஸ்அப்பே கிடையாது, பட்டன் போன்.

பிறகு பழி என் மேல் வந்தது. அது எனக்குப் புதுசில்லை. மழை பெய்யாவிட்டாலும் என்னைத்தான் கேட்பார்கள்.

எனக்கு உண்மை தெரிந்தது ஒரு வெள்ளிக்கிழமை. வேலூரில் பல்லைப் பிடுங்கப் போகவேண்டும், பஸ்ஸை விட்டுவிட்டேன். வடிவேலு அண்ணன் காரை நிறுத்தி, “ஏறுடா, வாயைத் தொறக்காம வரணும்” என்றார். பல்வலிக்காரனிடம் சொல்கிற பேச்சா அது. முன்னால் உட்கார்ந்தேன். பின்சீட்டில் அக்கா, மடியில் டிபன் பை.

நாலாவது வளைவில் கார் திரும்பியது. அண்ணன் போன் கத்தியது. என் போன் கத்தியது. டிபன் பைக்குள்ளிருந்தும் ஒன்று, பூனைக்குட்டி மாதிரி மெதுவாக, கத்தியது. நான் என் போனைப் பார்த்தேன். வழிப்போக்கனின் புது மெசேஜ், அந்த நிமிஷத்தில் வந்தது. நிமிர்ந்து கண்ணாடியில் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“முறுக்கு சாப்புடுறியா பூவரசு” என்றார்.

“பல்லு வலிக்குதுக்கா.”

“பரவால்ல, வாயில வெச்சுக்கோ.”

வைத்துக்கொண்டேன். மலை இறங்கியதும் அண்ணன் டீசல் போட வண்டியை நிறுத்தியபோது காருக்குள் நாங்கள் இரண்டு பேர்தான். அக்கா ஜன்னலைப் பார்த்தபடி பேசினார். பொண்ணு காவியா நர்சிங் ஹாஸ்டலுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன பழைய போன், சிம்மும் அவளே எடுத்துக் கொடுத்தது, வேறு யாருக்கும் தெரியாது என்றார். நான் எதையும் பார்க்கவில்லை என்றேன். எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை.

“உன் பேருலயே எழுதலாமே அக்கா. நீதான தலைவரு?”

அக்கா சிரிக்கவில்லை. “என் பேருல அவரு பேசுறாரு. அப்ப நான் யார் பேருல பேசுறது, சொல்லு.”

வாயில் இருந்த முறுக்கு ஊறிக் கரைந்துவிட்டது.  கணக்குப் பரீட்சையில்கூட நான் இவ்வளவு முழித்ததில்லை.

உண்மைதானே. குரூப்பில் ‘தலைவர் ராஜேஸ்வரி வடிவேலு’ என்று ஒரு நம்பர் இருக்கிறது, அக்கா படத்தோடு. பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்லும், சாவுக்கு இரங்கல் சொல்லும், எதிர்க் கேள்வி கேட்டால் மிரட்டும். அது அண்ணனின் இரண்டாவது சிம். அக்காவின் பேரும் முகமும் போட்ட அந்த நம்பரில் அக்கா ஒரு எழுத்துகூட அடித்ததில்லை. பேரே இல்லாத நம்பரில்தான் அக்கா இருந்தார்.

அடுத்த வாரம் அண்ணன் பொறுமை இழந்தார். குரூப்பில் அறிவிப்பு வந்தது: ‘நேர்மையான விவாதத்துக்கு உண்மையான பெயர் அவசியம். இனி ஒவ்வொருவரும் தன் பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், தெரு, புகைப்படம் ஆகியவற்றோடு மட்டுமே கருத்துச் சொல்லலாம். முகமூடிக்கு இங்கே இடமில்லை. தன் சொந்தப் பெயரில் பேச தைரியம் இல்லாதவர் பேசவேண்டாம். இப்படிக்கு, ராஜேஸ்வரி வடிவேலு.’

அண்ணன் இதைப் பாறை உச்சியில் நின்று அடித்துக்கொண்டிருந்தபோது ராஜேஸ்வரி வடிவேலு, வூட்டில் கருவாட்டுக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். நான் சாட்சி; அந்த வெங்காயத்தை வாங்கிக் கொடுத்தவனே நான்தான்.

உண்மைப் பேர் வந்ததும் குரூப் எவ்வளவு பண்பாக மாறியது தெரியுமா. காலையில் ரோஜாப்பூ, மாலையில் மல்லிப்பூ. எல்லாரும் அண்ணனை வணங்கினார்கள். ‘தலைவர் எடுக்கும் முடிவே எங்கள் முடிவு, சுரேஷ், த/பெ கோவிந்தன், பள்ளத்தெரு’ என்று தகப்பன் பேரையும் சேர்த்துக் கும்பிட்டார்கள். சிங்கம் ஒன்றா இரண்டா என்று ஒரு நாள் முழுக்கக் காரசாரமாக விவாதம் நடந்தது. மேட்டுத் தெரு என்கிற வார்த்தை மட்டும் யார் விரலிலிருந்தும் வரவில்லை. மேட்டுத் தெருவிலேயே போன் வைத்திருந்த சிலரும் ரோஜாப்பூ போட்டார்கள். வேறு என்ன செய்வார்கள், வூட்டு மனைப் பட்டாவுக்கு அண்ணனிடம்தானே நிற்கவேண்டும்.

வழிப்போக்கனை அண்ணன் குரூப்பை விட்டு நீக்கினார். ஆனால் குரூப் லிங்க் டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்தது; வெள்ளிக்கிழமை அவன் திரும்ப உள்ளே வந்து, ‘நாற்பத்தெட்டு முடிந்து அறுபது. மோட்டாருக்குத் திதி கொடுக்க ஏரியிலும் தண்ணீர் குறைகிறது’ என்று எழுதினான்.

அண்ணன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். டவர் இருந்தால்தானே மெசேஜ் போகும், டவர் பாறையில்தானே இருக்கிறது? பாறை அடியில் ஒரு நாற்காலி போட்டு, ஒரு ஆளை உட்காரவைத்து, நோட்டுப் போட்டு, ஏறுகிறவர் பேர், ஏறிய நேரம், இறங்கிய நேரம் எல்லாம் எழுதச் சொன்னார். பொண்டாட்டியோடு சண்டை போட ஏறினவன்கூடக் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டான். இரண்டு வாரம் கழித்து நோட்டையும் வழிப்போக்கன் மெசேஜ் வந்த நேரத்தையும் ஒத்துப் பார்த்தார்கள். ஒன்றும் ஒட்டவில்லை. அந்த நேரங்களில் பாறையில் ஈ காக்கா இல்லை.

டீக்கடையில் சின்னக்குழந்தை அண்ணன்தான் விஷயத்தைப் பிடித்தார். செவ்வாய், வெள்ளி, காலை ஒன்பதே காலிலிருந்து ஒன்பதரைக்குள். அந்த நேரத்தில் ஊரிலிருந்து இறங்கி நாலாவது வளைவைத் தாண்டுகிற ஒரே வண்டி எது? கடையில் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அடப்பாவி. தலைவரே எழுதுறாருடா” என்றார் சின்னக்குழந்தை.

அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முடிவு கட்டிவிட்டது: தன்னைத்தானே திட்டி எழுதிப் பேர் வாங்குகிறார் வடிவேலு, பெரிய இடத்து அரசியல் இது, நமக்குப் புரியாது. இரண்டு பேர் அவரிடமே போய், ரொம்ப நன்றாக எழுதுகிறீர்கள் என்று பாராட்டினார்கள்.

அண்ணன் வெலவெலத்துப் போனார். தன் காரிலிருந்துதான் போகிறது என்று அவருக்கும் புரிந்துவிட்டது. கார் ஓட்டுவது அவர். பின்னால் இருப்பது பொண்டாட்டி. ஆகவே அவர் காரைச் சந்தேகப்பட்டார். வேலூரில் மெக்கானிக்கிடம் விட்டு, யாரோ உள்ளே சிப் வைத்திருக்கிறார்கள் என்று சீட்டையெல்லாம் கழற்றிப் பார்க்கச் சொன்னார். அந்த மூன்று மணி நேரமும் அக்கா பட்டறைத் திண்டில் டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். சீட்டுக்கு அடியில் ஒரு முறுக்குத் துண்டு மட்டும் கிடைத்தது. முறுக்கிலிருந்து அண்ணனுக்கு என் ஞாபகம் வந்தது. அன்றைக்கு இவன் காரில் ஏறினானே, சிப்பை அப்போதுதான் வைத்திருப்பான்.

மே ஒண்ணு காலையில் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கிராம சபை. யூனியன் ஆபீசிலிருந்து மேற்பார்வைக்கு ஒரு மேடம் வந்திருந்தார், வேலைக்குப் புதுசு, பேர் நிவேதா. நடு நாற்காலியில் அண்ணன். ஓர நாற்காலியில் அக்கா. ஊராட்சிச் செயலர் தனசேகரன் தீர்மான நோட்டோடு நின்றார். முதல் தீர்மானம் நல்வரவு வளைவு. இரண்டாவது, போலிப் பெயரில் ஊராட்சியை இழிவுபடுத்திய பூவரசன் மேல் வேலூர் சைபர் கிரைமில் புகார் கொடுப்பது. மோட்டார் நோட்டிலேயே இல்லை.

இரண்டாவதை முதலில் எடுக்கச் சொன்னார் அண்ணன். சூடாக இருக்கும்போதே முடித்துவிட நினைத்தார். என் அம்மா பின்னால் நின்றிருந்தார். எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. அக்கா என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.  வாய் திறந்தால் அவர் வூடு கெடும், திறக்காவிட்டால் நான் மாட்டுவேன்.

எனக்கு இதில் பெரிய கணக்கு ஒன்றும் இல்லை. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நான் ஏற்கெனவே இரண்டு தடவை தோப்புக்கரணம் போட்டவன். அக்கா கெட்ட பேர் வாங்கிப் பழக்கமில்லாதவர். எழுந்தேன்.

“ஆமா, நான்தான் எழுதினேன்.”

அண்ணன் முகத்தில் பவுர்ணமி. “எழுதிக்கோ தனசேகரா.”

நிவேதா மேடம் கையைத் தூக்கினார். என்ன எழுதினான் என்று படிக்காமல் எப்படிப் புகார் கொடுப்பது என்றார். அண்ணனுக்கு வேறு வழியில்லை. தனசேகரன் பிரிண்ட் எடுத்து வைத்திருந்த தாள்களை எடுத்து, சத்தமாக, ஒவ்வொன்றாக வாசித்தார். மேட்டுத் தெருப் பெண்களில் பாதிப் பேரிடம் வாட்ஸ்அப் கிடையாது. அவர்கள் இதையெல்லாம் கேட்பது அன்றைக்குத்தான் முதல் தடவை. மோட்டாருக்குப் பதினாறாம் நாள் காரியம் என்கிற இடத்தில் ஒரு கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார். திதி என்கிற இடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

வெள்ளையம்மாள் எழுந்தார். மேட்டுத் தெருவில் குரல் பெரிசு அவருக்குத்தான். “இதுல இன்னா தப்பு கண்டீங்க? அத்தினியும் நெசம்தான? புள்ளையப் புடிச்சிக் குடுக்குறதுக்கு மோட்டாரப் புடிச்சி மாட்டலாமில்ல?”

மேடம் அண்ணனைப் பார்த்தார். “மோட்டார் எரிஞ்சது எத்தனை நாளா?”

அண்ணன் தனசேகரனைப் பார்த்தார். தனசேகரன் நோட்டைப் பார்த்தார். ஓர நாற்காலியிலிருந்து பதில் வந்தது.

“எண்பத்தி ரெண்டு நாள். அஞ்சு ஹெச்பி. போரு அறுநூத்தி நாப்பது அடி, தண்ணி இருக்குது, மோட்டாருக்குள்ள காயில் கம்பிதான் போயிடுச்சு.” அக்கா எழுந்து நின்றுவிட்டார். “அந்தப் பையன் சொல்றது பொய்ங்க. எழுதினது நான்.”

கூட்டம் சிரித்தது. பையனைக் காப்பாற்ற அந்த அம்மா தமாஷ் பண்ணுகிறது என்று நினைத்தார்கள். அண்ணனும் சிரித்தபடி, “உக்காரும்மா” என்றார். அக்கா டிபன் பையைத் திறந்து, சாம்பார் டப்பாவுக்கு அடியிலிருந்து அந்தப் பழைய போனை எடுத்து மேஜை மேல் வைத்தார். அண்ணன் போனைப் பார்த்தார், பையைப் பார்த்தார், மரத்துக்கு அந்தப் பக்கம் நின்ற தன் காரைப் பார்த்தார். பாவம் அந்த மெக்கானிக் என்று அப்போது அவருக்குத் தோன்றியிருக்கும்.

அக்கா மேடத்திடம் திரும்பினார்.  “இங்க தலைவர் யாருங்க?”

“நீங்கதாம்மா.”

“அப்ப ஒரு தீர்மானம் சொல்றேன், எழுதிக்குங்க. மேட்டுத் தெருவுக்குப் புது மோட்டார். வளைவு அப்புறம் பார்த்துக்கலாம்.”

கை தூக்கச் சொன்னார்கள். மேட்டுத் தெரு மொத்தமும் தூக்கியது. மற்றவர்கள் அண்ணனைப் பார்த்தார்கள், அக்காவைப் பார்த்தார்கள், எந்தப் பக்கம் காற்று அடிக்கிறது என்று விளங்காமல் முழங்கை வரைக்கும் தூக்கினார்கள். மேடம் முழங்கையையும் கையாக எண்ணிக்கொண்டார்.

அக்கா கையெழுத்துப் போட்டார். தனசேகரன் நோட்டைப் புரட்டி, பழைய பக்கங்களைப் பார்த்து, தலையைச் சொறிந்தார். நான்கு வருஷப் பழக்கம் அவருக்கு.

“அக்கா, கையெழுத்து ஒத்துப்போகலையே. எப்பவும் போடுற மாதிரி, அண்ணன் போடுற மாதிரி போட்டுடுங்களேன்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தனசேகரனுக்குப் புரிந்தது.  அண்ணன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் முதல் தடவையாக அவர் எனக்கு ரொம்பச் சின்ன மனுஷராகத் தெரிந்தார். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

“பழசெல்லாம் நான் போட்டது இல்லைங்க” என்றார் அக்கா. “இதுதான் என் கையெழுத்து.”

நிவேதா மேடம் பழைய பக்கத்தையும் புதுப் பக்கத்தையும் பார்த்தார். அண்ணனை ஒரு தடவை பார்த்தார். பிறகு பேனா மூடியைப் போட்டார். “ஆளே எதிர்ல நிக்கும்போது நோட்டை எதுக்குப் பார்க்கணும். இனிமே இதையே போடுங்க” என்றார்.

பெரிய புரட்சி நடந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மறுநாள் டீக்கடைக்குப் போனேன். ஊர் வேறு முடிவுக்கு வந்திருந்தது. அவ்வளவு அறிவாக எழுதினது அந்த அம்மா இல்லை, யாரோ எழுதிக் கொடுத்தது என்றார்கள். யார் என்றால், நான் என்றார்கள் பாதிப் பேர். அண்ணனே என்றார்கள் மீதிப் பேர். பஞ்சாட்சரம் திரும்ப இஸ்திரிச் சட்டையில் வந்திருந்தார். எழுதினது அக்காதான், என் கண்ணால் பார்த்தேன் என்று சத்தியம் செய்தேன். வாழ்க்கையில் கலப்படம் இல்லாமல் நான் சொன்ன உண்மை அது ஒன்றுதான். ஒருத்தன் நம்பவில்லை. “யானையப் பார்த்த கண்ணுதான?” என்றார் சின்னக்குழந்தை. இவரிடம் அசுரன் விஷயத்தையும் அன்றைக்கே ஒப்புக்கொள்ளலாம் என்று போயிருந்தேன். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். ஒரு நாளைக்கு ஒரு உண்மை போதும்.

வடிவேலு அண்ணன் பதினோரு நாள் வூட்டில் யாரோடும் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள், எழுதச் சொன்னதே நான்தான், ஜனநாயகத்தில் எதிர்க்கட்சி வேண்டும் இல்லையா என்று ஊரில் சொல்ல ஆரம்பித்தார். அக்கா மறுக்கவில்லை. மோட்டார் வந்தால் சரி என்று விட்டுவிட்டார். குரூப்பில் அட்மின் பதவியை மட்டும் வாங்கிக்கொண்டார். பழைய போன் இப்போது டிபன் பையில் இல்லை, கையில்.

ஜூன் இரண்டாம் வாரம் மோட்டார் இறங்கியது. முதலில் செம்மண்ணாக வந்து, பிறகு தெளிந்தது.

மூன்றாம் நாள் குரூப்பில் ஒரு புது நம்பர். படம் இல்லை. பேர் ‘காலிக்குடம்’. ‘விடியக்காலை நாலரைக்குத் தண்ணீர் விட்டால் கைக்குழந்தைக்காரி எப்படிப் பிடிப்பாள்? தலைவரம்மா வூட்டில் யாரும் தூங்குவதில்லையா?’ என்று கேட்டிருந்தது.

ஊர் மொத்தமும் என்னைத்தான் பார்த்தது. அண்ணன் பாறையில் நின்று என் சட்டையைப் பிடித்து, யாருடா அது, சொல்லுடா என்றார். திரும்பவும் நோட்டுப் போடலாம், பேர் இல்லாதவனை உள்ளே விடக்கூடாது என்று குரூப்பில் ஏழெட்டுப் பேர் தகப்பன் பேரோடு எழுதினார்கள்.

அந்த நேரத்துக்கு அக்கா பாறை ஏறி வந்தார், மூச்சு வாங்கியபடி. வடக்குப் பார்த்து நின்றார். ஒரு விரலால் தேடித் தேடி அடித்தார். எங்கள் போன்கள் கத்தின.

‘யாராக இருந்தால் என்ன, கேட்டது சரிதான். நாளையிலிருந்து ஆறு மணிக்கு. ராஜேஸ்வரி.’